பிலிம் இன்னும் வரல

“பிலிம் வந்துருச்சா தம்பி?”

சனிக்கிழமை தவறாமல் இந்தக் கேள்வி ஜூட்சனின் ஸ்டூடியோவுக்கு வந்துவிடும். கேட்பவர் வீரய்யா. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஹட்டன் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்க வருகிறவர், அப்படியே ஸ்டூடியோவின் படியும் ஏறுவார்.

“இன்னும் வரலங்கய்யா” என்பான் ஜூட்சன்.

அவ்வளவுதான், மனுசன் முகத்தில் பல்பு எரியும். மெதுவா வரட்டும் தம்பி, ஒண்ணும் அவசரமில்ல என்று சொல்லிவிட்டு, லொத்தரில் பரிசு விழுந்த ஆள் மாதிரிப் படியிறங்கிப் போவார்.

ஜூட்சன் தலையைப் பிய்த்துக்கொள்வான். தன் சம்சாரத்தைப் படம் எடுக்க வேண்டும், அதுவும் அந்தப் பெரிய பெட்டிக் கேமராவில்தான் எடுக்க வேண்டும் என்று வந்து நின்றவரே இவர்தானே? வராத பொருளுக்கு இப்படிச் சந்தோசப்படுகிற ஆளை அவன் பார்த்ததே இல்லை.

கல்யாணம் காட்சிக்கெல்லாம் டிஜிட்டல் கேமராதான் ஓடுகிறது. ஆனாலும் பெட்டிக் கேமராவில், தபால் அட்டை மாதிரி ஒரு தனித் தாள் பிலிமில் எடுக்கிற படம் வேறு ரகம். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒவ்வொரு தலைமுடியும் தனியாகத் தெரியும். அதற்கென்றே தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிலிம்தான் இல்லை. கொழும்புக் கடைக்காரரைக் கேட்டால், ஒரு மாசம், பிலிம் செய்கிற பேக்டரியை மூடப் போகிறார்களாம் என்பார். அடுத்த மாசம் மூடவில்லையாம், கப்பலில் வருகிறதாம் என்பார். அதற்கடுத்த மாசம் போனையே எடுக்க மாட்டார். அவருக்கே தெரியாத சங்கதி ஜூட்சனுக்கு எப்படித் தெரியும்?

இப்படிக் குழம்பிக் கிடந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சின்னப் பெட்டி வந்து சேர்ந்தது. இனிமேல் வருமா என்று தன்னைக் கேட்க வேண்டாம் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஜூட்சன் வாசலிலேயே நின்றான்.

“வந்துருச்சுங்கய்யா. அம்மாவ எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?”

வீரய்யாவின் முகம் சுண்டிப் போனது. சம்சாரத்துக்குக் காய்ச்சல் என்றார். பிறகு மழை என்றார். பிறகு பஸ் போய்விடும் என்று, மரக்கறிப் பையைக்கூட மறந்துவிட்டு ஓடினார். அதற்குப் பிறகு ஸ்டூடியோப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

ஜூட்சனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இல்லை என்றால் சிரிக்கிறதும், இருக்கிறது என்றால் ஒளிந்துகொள்கிறதும் என்ன பழக்கம்? அந்தப் பெட்டிக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்! நுவரெலியா ஹோட்டல்காரர் போன் மேல் போன் போடுகிறார். வெளையாட்டுக் காட்ட நான்தான் அந்த மனுசனுக்குக் கெடைச்சேனா என்று மனைவி யூஜினாவிடம் பொரிந்து தள்ளினான். அவரால முடியாட்டி நீங்கதான் போய் எடுத்துக் குடுத்துட்டு வாங்களேன் என்றாள் அவள்.

அதுவும் சரிதான் என்று பட்டது. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு கேமராவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குக் கொஞ்சம் கீழே, மலைத்தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார் வீரய்யா. கேமராவைக் கண்டதும் வாளியைப் போட்டது போட்டபடி ஓடி வந்து ஆட்டோவை மறித்தார்.

“ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன் தம்பி. இத மேல கொண்டு வராதீங்க.”

“என்னங்கய்யா இது? போட்டோ வேணும்னு நீங்கதான கேட்டீங்க?” ஜூட்சனின் குரல் உயர்ந்துவிட்டது.

“நான் எங்க கேட்டேன்? என் சம்சாரம் காளியாயிதான் கேட்டா.”

அப்புறம்தான் எல்லாம் சொன்னார். ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்களாம். போன பொங்கலையே தாண்ட மாட்டாள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். லயத்தில் யார் செத்தாலும் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போடுகிறார்கள், எல்லாம் பொலிஸில் பிடித்து வைத்த மூஞ்சி மாதிரி இருக்கிறது, தனக்கு அது வேண்டாம், சிரித்த முகமாக நல்ல கேமராவில் ஒரு படம் வேண்டும் என்று காளியாயி ஒற்றைக்காலில் நின்றாளாம்.

“அது ஒண்ணுதான் எனக்குப் பாக்கி, எடுத்துட்டா நிம்மதியாப் போயிருவேன்னு சொல்றா தம்பி. பொங்கல் போயி தீவாளியும் வரப்போகுது. அந்தப் பிலிமுக்குத்தான் உசுரப் புடிச்சுக்கிட்டு இருக்கா. வரலன்னு போய்ச் சொன்னா, ஒட்டிப்போன மூஞ்சியோட எப்படிப் படம் எடுக்கிறதுன்னு ரெண்டு வாய் கஞ்சி குடிக்கிறா. வந்துருச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

இந்த மனுசனையா திட்டினோம் என்று ஜூட்சனுக்கு வெட்கமாக இருந்தது. படத்தை எடுத்தால் பாவமா, எடுக்காமல் திரும்பினால் பாவமா, அதுவும் விளங்கவில்லை. இந்தப் பெட்டி தீர்ந்தால் அடுத்தது வரும் என்று யார் கண்டது?

பேச்சுச் சத்தம் மேலே கேட்டிருக்க வேண்டும். கதவு திறந்திருந்த காம்பராவிலிருந்து நைந்த குரல் ஒன்று வந்தது.

“யாருங்க அங்க? போட்டோக்காரத் தம்பியா? பிலிம் வந்துருச்சா?”

வீரய்யா ஜூட்சனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பூசையிலிருந்து நேராக வந்த ஜூட்சன் ஆட்டோவின் மழைத்திரையை மெதுவாக இறக்கிவிட்டான்.

“இன்னும் வரலங்கம்மா. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அடுத்த கப்பல்லதானாம்.”



“அப்ப அந்தக் கஞ்சிய இங்குட்டுக் கொண்டாங்க” என்றாள் காளியாயி.