அட்டை தொடாத கால்

பிள்ளை பெற்ற கையோடு இராக்கம்மாவின் இடதுகால் தூண்போல வீங்கிவிட்டது. அவள் புருஷன் நல்லையா பசறை ஊரிலிருந்து வைத்தியரைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குக் கூட்டிவந்தான். அவர் காலை அழுத்திப் பார்த்தார்.

"நரம்புக்குள்ள ரத்தம் கட்டிக்கிச்சுப்பா. அட்டை விடணும். அதோட எச்சி எறங்குனா ரத்தம் உறையாம எளகி ஓடும். இல்லேன்னா கட்டி நெஞ்சுக்கு ஏறிரும்."

குடுவையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காலில் விட்டார். அது சுருண்டு விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. இன்னொன்று தொட்டதுமே திரும்பிக்கொண்டது.

"அட்டைகூட வேணாங்குதே, ரத்தமே செத்துப்போச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு அங்கம்மா.

நல்லையா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் சாய்ந்தான்.

வைத்தியர் குனிந்து காலை முகர்ந்தார். "என்னம்மா தடவியிருக்க?"

இராக்கம்மா போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். "துணி தொவைக்கிற சவுக்காரமும் உப்பும்ங்க. கொழுந்தெடுக்கப் போறப்ப அட்டை ஏறாம இருக்கத் தெனமும் தடவுறதுதானே? அட்டை வைத்தியர் வர்றாருன்னு இந்த அக்காதான் சொன்னுச்சு. பயத்துல தடவிக்கிட்டேன்."

வெந்நீர் விட்டுக் காலைக் கழுவித் துடைத்ததும் அட்டை கவ்விக்கொண்டது.

"ஐயோ, கடிக்குது! எடுங்க!" என்று இராக்கம்மா அலறினாள்.

"கடிக்கட்டும் புள்ள, நல்லா கடிக்கட்டும்!" என்றான் நல்லையா. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.