மூன்றாம் பத்து

ஜெனிற்றா தன் பொட்காஸ்டுக்காக அன்று அம்மாவையே பேசவைத்திருந்தாள். கருவாடு காயப்போடும் வேலை, கூத்துப் பாட்டில் உள்ள ஆசை, கடலுக்குப் போய் நாலு வருடமாகத் திரும்பாத மகன் நிரோஷன் என்று செபஸ்தியம்மா எல்லாவற்றையும் சொன்னாள். செபமாலை நேரம் வந்ததும் இருவரும் எழுந்துபோய் முழந்தாளிட்டார்கள். மைக்கை நிறுத்த மறந்துபோனது.

செபமாலையில் பத்துச் செபங்கள் கொண்ட பத்துகள் ஐந்து; ஒவ்வொரு செபத்தின் முன்பாதியை ஒருவர் தொடங்க, மற்றவர்கள் பின்பாதியைப் பதிலாகச் சொல்வார்கள். முதலிரண்டு பத்துகளை அம்மா முணுமுணுப்பாகத் தொடங்குவாள், கடைசி இரண்டை ஜெனிற்றா. நடுவிலுள்ளது நிரோஷனுடையது. இப்போது அதையும் அம்மாதான் சொல்லுகிறாள் என்று நினைத்து ஜெனிற்றா கண்ணை மூடியபடி பதில் சொல்லிவந்தாள்.

மறுநாள் ஒலிப்பதிவைத் திருத்தும்போது, மூன்றாம் பத்தில் அம்மாவும் அவளோடு சேர்ந்து பதில் சொல்வது கேட்டது. பத்துத் தடவையும். தொடங்கும் குரல் வரவேண்டிய இடங்களில் அலைச் சத்தம் மட்டும் இருந்தது.

"அம்மா, தம்பியின்ர பத்தை நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. நீயெண்டெல்லோ நான் நினைச்சனான்."

அன்று மாலை இருவரும் கண்ணை மூடவில்லை. இரண்டாம் பத்து முடிந்ததும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள்; எவரும் தொடங்கவில்லை. ஒரு முன்பாதி சொல்லி முடிக்கும் நேரம் சென்றது. பிறகு இருவரும் ஒன்றாகப் பதில் சொன்னார்கள்.