எட்டாவது அட்டை

"டெரிக் பேரை எழுதுடா. இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?" என்றான் நார்பர்ட்.

ரோமன் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினான்.

மேசையில் ஏழு அட்டைகள் வரிசையாக இருந்தன. பியர் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

எங்கள் ஊர் பேஸ்பால் அணியில், முதல் வீச்சாளர் களைத்ததும் ஆட்டத்தின் பிற்பாதியில் பந்து வீச இறங்கும் எட்டுப் பேரை நாங்கள் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஆட்டமே இல்லாத ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வறுத்த மீன் சாப்பிட வரும் இதே மதுக்கடையில், இருபத்தாறு வருடங்களாக. மில்வாக்கியில் இதைவிட்டால் ஜனவரிக்கு வேறு உபயோகம் இல்லை.

அணி நிர்வாகம் ஒருமுறையும் எங்களைக் கேட்டதில்லை.

டெரிக் என் மகன்.

முப்பத்தைந்து வயது. இடதுகை வீச்சாளன். ஆறு ஊர்களுக்கு ஆடிவிட்டான், பிறந்த ஊருக்கு மட்டும் ஆடவில்லை. ஒப்பந்தம் அக்டோபரில் முடிந்தது. எந்த அணியும் அவனை எடுத்ததாகச் செய்தி இல்லை. இந்த வருடம் இல்லையென்றால் இனி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

தன் பிள்ளைக்காக யாரும் பேசக் கூடாது என்று எனக்காகவே ஒரு விதி வைத்திருந்தார்கள். அதனால் நான் மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த டெக்சாஸ்காரன்?" என்றான் ரோமன், ஒப்புக்கு.

"அவனா? கையில வேகம் இருக்கு, கண்ணு எங்கயோ இருக்கு. குறி தப்பிப் போட்டே மூணு பேர சும்மா முதல் தளத்துக்கு அனுப்பி வெச்சுட்டுத்தான் வேலையவே ஆரம்பிப்பான். எனக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்புய்யா."

"டெரிக்குக்கு வேகம் போயிருச்சே."

"போகட்டும். மூளை இருக்குல்ல? அம்மா வழியில வந்தது."

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பதற்குக்கூட இப்போதெல்லாம் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

ரோமன் எழுதினான். முப்பது வருடம் தபால் பிரித்தவன், எழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். எட்டாவது அட்டையை வரிசையின் ஓரத்தில் வைக்காமல் என் தட்டுக்கு அருகில் வைத்தான்.

நான் வருவதற்கு முன்பே இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. இத்தனை நேரம் நடந்த வாதம் எனக்காக நடத்தியது.

நான் அட்டையைக் கவிழ்த்தேன்.

ஒருவருக்கு ஒரு குளிர்காலத்தில் ஒரு கவிழ்ப்பு. கவிழ்த்த பெயர் போய்விட்டது என்று அர்த்தம். காரணம் கேட்கக் கூடாது. பிள்ளைக்காகப் பேசக் கூடாது என்று விதி எழுதியவர்களுக்கு, எதிராக ஒருவன் கவிழ்ப்பான் என்று தோன்றியிருக்கவில்லை.

"ரே, என்னய்யா பண்ற?"

"கவுத்துட்டேன்."

"அது உன் பையன்யா!"

"தெரியும். டெக்சாஸ்காரன எழுது."

நார்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். இருபது வருடம் பேருந்து ஓட்டியபோது எந்தப் பயணியிடமும் குரலை உயர்த்தாதவன்.

"பெரிய நியாயவான்னு காட்டுறியா? எங்ககிட்டயா? சின்னப் பயலா இருந்தப்போ அவன் பந்து வீச, எத்தனை நாள் நான் குனிஞ்சு உக்காந்து பிடிச்சிருக்கேன். என் முழங்கால் போனதே அவனாலதான். எனக்கு இப்படி ஒரு அப்பன் வாய்ச்சிருந்தா பந்தையே தொட்டிருக்க மாட்டேன்."

காரணம் கேட்கக் கூடாது என்ற விதி அவனுக்கும் நினைவில் இருந்தது. கேட்கவில்லை. அதுதான் அவனுடைய கோபம்.

கிறிஸ்துமஸ் அன்று காலை, தேவாலயத்துக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று டெரிக்கைக் கூப்பிட மாடிக்குப் போனேன். கண்ணாடி முன்னால் சட்டையைத் திறந்துபோட்டு நின்றிருந்தான். இடதுகை விரல்களை வலதுகையால் எடுத்துப் பொத்தான் மேல் வைத்தான். அவை அங்கே நிற்கவில்லை.

நான் போய்ப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். ஏழு பொத்தான்கள். கழுத்துப் பொத்தானைப் போட அவன் முகவாயை உயர்த்தினான், நாலு வயதில் உயர்த்தியது போலவே.

மரத்துப்போவது வரும், போகும் என்றான். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரிவதில்லை என்றான். "நமக்குள்ளயே இருக்கட்டும்ப்பா."

அன்று சொல்லியிருக்கலாம். போதும், விட்டுடு என்று. சொல்ல வாயைத் திறந்தேன். "கீழ அம்மா காத்துக்கிட்டிருக்கா" என்று சொன்னேன்.

ரோமன் புதிய அட்டையில் டெக்சாஸ்காரனின் பெயரை எழுதினான். எழுத்து இந்த முறை கோணலாக இருந்தது. மூவரும் மிச்சமிருந்த மீனைச் சாப்பிட்டு முடித்தோம். ரொட்டியை யாரும் தொடவில்லை.

நான் மேலங்கியை மாட்டியபோது, "டெரிக் காதுக்கு இது போகாது" என்றான் நார்பர்ட், என்னைப் பார்க்காமல்.

வெளியே வண்டிக் கண்ணாடியில் பனி கெட்டியாகப் படிந்திருந்தது. சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட மேலும் விழுந்தது. நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். வண்டியை எடுக்கவில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு டெரிக் போனில் கூப்பிட்டிருந்தான். நம் ஊர் அணி ஒரு வருடத்துக்குக் கேட்கிறதாம். திங்கட்கிழமை அவர்களே அறிவிப்பார்கள், அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான்.

கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

"நீ என்னப்பா சொல்ற?" என்று கேட்டான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கையெழுத்தப் போடுடா" என்றேன்.