மாமா, கொஞ்சம் பிடிங்க

பழைய ஸ்டேஷன் வேகன் காரின் பின்கதவைத் தாங்கும் கம்பிகள் தேய்ந்துபோயிருந்தன. தூக்கிவிட்டால் கதவு நிற்காது. சாமான் ஏற்றும்போதெல்லாம் கணவன் தன் அப்பாவைத்தான் கூப்பிட்டான்.

"அப்பா, கொஞ்சம் பிடிங்க."

பக்கவாதத்தில் வலது கை தளர்ந்த மாமனார் தள்ளாடி வந்து பிடிப்பதைப் பார்க்க மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்தவள், தானே மெக்கானிக்கிடம் போய்ப் புதுக் கம்பிகள் மாட்டி வந்தாள்.

கணவன் சோர்ந்து உட்கார்ந்தான். "மாத்திட்டியா?"

"முடியாத மனுஷனை வேலை வாங்கறது நியாயமா?"

"டாக்டர் சொன்ன பயிற்சியை அவர் ஒருநாளும் செஞ்சதில்ல. அந்தக் கதவுக்கு மட்டும்தான் வலது கையைத் தூக்குவார். பயிற்சிக்காகத்தான் கூப்பிடறேன்னு தெரிஞ்சா அதையும் விட்டுடுவார்னுதான் யார்கிட்டயும் சொல்லல."

மறுநாள் காலை, சமையலறை மேல் அலமாரிக் கதவின் திருகாணிகளைச் சத்தமில்லாமல் தளர்த்திவிட்டு அவள் குரல் கொடுத்தாள்.

"மாமா, இந்தக் கதவு நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பிடிங்களேன்."