வாசலில் விட்ட ஷூ

அறுபத்தெட்டு ஜனவரியில், ஜெர்மனியின் ஹனோவர் குளிர் எப்படி என்றால், மூக்கு இருக்கிறதா என்று எதிரில் வருகிறவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம்.

ஆய்வகத்தில் என் அறைத்தோழன் சேதுராமனின் சோதனை இரண்டு முறை தோற்றிருந்தது. மறுநாளும் தோற்றால் பேராசிரியர் அவனை மெட்ராஸுக்குக் கப்பலேற்றிவிடுவார்.

"கோயிலுக்குப் போகணும்டா" என்றான்.

ஊரில் கோயில் என்று இருந்தது, அறுநூறு வருடத்துத் தேவாலயம்தான். வாசலில், பனியிலேயே ஷூவைக் கழற்றி வைத்தான்.

"இங்கே யாரும் கழட்டறதில்லைடா. கால் மரத்துப் போயிடும்."

"போகட்டும்."

உள்ளே கல்தரையில் ஒரு மணி நேரம் நின்றான். முழங்காலுக்குக் கீழே தனக்கு எதுவுமே இல்லை என்றான். அவன் பக்தியைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

வெளியே வந்தால், கிழட்டுக் காவலாளி ஷூவும் கையுமாக நிற்கிறார். பனியைத் துடைத்து, பாலிஷ் போட்டு, பிளந்திருந்த அடியில் ஆணியும் அடித்திருந்தார்.

சேதுராமன் படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகமும் மரத்துப்போயிருந்தது.

"எழுந்திருடா, அவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லு."

"கோயில் வாசல்ல செருப்பு தொலைஞ்சா பீடை தொலையும்னு அம்மா சொல்லுவா. மயிலாப்பூர்ல அஞ்சு நிமிஷம் தாங்காது. இந்த ஊர்ல ஒரு திருடன்கூட இல்லையேடா!"

கண்ணீர் வழிந்தது. காவலாளி அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார். ஷூவை அவன் மடியில் வைத்து, ஜெர்மனில் ஆறுதல் சொன்னார்.

"கவலையே வேண்டாம். இன்னும் பத்து வருஷத்துக்கு இது உங்களை விட்டுப் போகாது."