பக்கத்து இருக்கை

மோதிய காரில் இரண்டு ஏர்பேக்குகளும் விரிந்து, காற்றிறங்கித் தொங்கின. மெக்கானிக் இருதயராஜ் சந்திரலேகாவைத் திரும்பிப் பார்த்தார்.

“பக்கத்து சீட்டுக்கு அடியில எடை பாக்கிற சென்சார் இருக்கு மேடம். ஆள் உக்காந்திருந்தாத்தான் அந்தப் பக்கம் விரியும். கூட வந்தவங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே?”

அந்த இருக்கை காலியாக இருந்தால் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கணவர் பிரிந்துபோன நாளிலிருந்து அது அணையவே இல்லை. பொறுக்கமாட்டாமல் போன மாதம்தான் இரண்டு அரிசி மூட்டைகளை அங்கே ஏற்றி, பெல்ட்டும் மாட்டிவிட்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு அவற்றைப் பிரிக்காமல் அப்படியே வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

அவள் நெற்றிக் கட்டைத் தொட்டுக்கொண்டாள்.

“அவருக்கு ஒண்ணும் ஆகலீங்க. வீட்டுல பத்திரமா இருக்காரு.”

திரும்பி நடக்கும் வழியில், அன்றைக்குச் சோறாக்க ஒரு கிலோ அரிசி வாங்கிக்கொண்டாள்.