நானூற்றுப் பதின்மூன்றாவது சரக்கு

எந்த வழியாகப் போகிறாள் என்று ரொசாரியோ கேட்டார்.

ஹெட்செட்டில் வழக்கமான குரல்தான். வழக்கமான கேள்விதான்.

மைக் பொத்தானுக்கு மேல் அவள் விரல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பொள்ளாச்சி வெயில் ஜன்னல் திரையைத் தாண்டி உள்ளே வரப் பார்த்தது. கணினியில் அவளுடைய சரக்குக் கப்பல் நிலையத்தின் வாசலில் நின்றிருந்தது. வயிற்றில் ஒரே ஒரு பெட்டி.

சீல் வைத்த பெட்டி.

இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு சரக்குகள். ஒன்றைக்கூட வழியில் பறிகொடுத்ததில்லை. ஒரு சீலைக்கூடத் தொட்டதில்லை.

விளையாட்டுதான். ஆனால் அந்த விண்வெளியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றது. ஒரு சரக்கு போனால் போதும், எண் பூஜ்யமாகிவிடும். மறுபடி தண்ணீரும் உருளைக்கிழங்கும் சுமந்து தொடங்க வேண்டும்.

நாலு வருஷம்.

எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஆஸ்பத்திரியில் அவளை 'எக்ஸ்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே பெயரைச் சொன்னால் கதவு திறக்கும்.

பெட்டியை அனுப்பியவன் விளையாட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவனை யாருக்கும் தெரியவில்லை. அது கிடக்கட்டும். புதியவர்களைச் சந்தேகப்படுவது எளிது.

ரொசாரியோ புதியவர் இல்லை.

இரண்டு வருஷமாக அவளுக்குத் துணைக்கப்பல் ஓட்டுகிறவர். தூத்துக்குடியில் மீன் ஐஸ் கம்பெனியில் வேலை. முகம் பார்த்ததில்லை.

போன மாதம், பாறைகளுக்கு நடுவே போகும் குறுக்குவழியான சங்குக் கணவாயில் மூன்று பேர் சரக்கைப் பறிகொடுத்தார்கள். மூன்று பேருக்கும் துணைக்குப் போனவர் அவர்தான். முன்னால் போய்விட்டேன், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று மூன்று முறையும் சொன்னாராம்.

மூன்று முறையும் அவர் கப்பலில் ஒரு கீறல் இல்லை.

பொத்தானை அழுத்தினாள்.

"சங்குக் கணவாய் வழியாத்தானுங்கண்ணா. அரை மணி நேரத்துல கெளம்பிருவேன்."

அப்படியானால் தான் முன்னால் போய்ப் பார்த்து வைப்பதாகச் சொன்னார். அவள் கேட்காமலே.

அவர் கப்பல் வரைபடத்தில் ஒரு புள்ளியாக நகர்ந்து போகும்வரை பார்த்திருந்தாள். பிறகு தன் இருப்பிடம் யாருக்கும் தெரியாதபடி சமிக்ஞையை அணைத்தாள். நாலு வருஷத்தில் முதல் முறை.

அந்த நிமிடமே புறப்பட்டாள். கணவாய் வழியாக அல்ல. வெளிவட்டத்தைச் சுற்றிக்கொண்டு.

நீண்ட வழி. ஈ காக்கை இல்லை. அவள் கண் பாதையில் இல்லை, அந்தப் புள்ளியில் இருந்தது.

புள்ளி கணவாயை எட்டியது.

நின்றது.

ஆறு நிமிடம் அசையவே இல்லை. காத்திருக்கிறார் என்று நினைத்தாள். யாருக்கு என்பதும் தெரிந்ததுபோல் இருந்தது.

பிறகு கொள்ளையரின் நாலு சிவப்புப் புள்ளிகள் வந்து அதைச் சூழ்ந்தன.

நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு திருப்தி. அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

சேர வேண்டிய நிலையத்துக்குள் கப்பலை நுழைத்தாள். பெட்டி இறங்கியது. சீல் சரிபார்க்கப்பட்டது. அவள் பெயருக்குப் பக்கத்தில் எண் ஒன்று கூடியது.

நானூற்றுப் பதின்மூன்று.

வரைபடத்தைப் பார்த்தாள். ரொசாரியோவின் புள்ளி இல்லை. அவரும் சமிக்ஞையை அணைத்துவிட்டார். கூட்டாளிகளோடு பதுங்கியிருக்கிறார், வராத கப்பலுக்காக.

ஹெட்செட் கரகரத்தது.

"தங்கச்சி, கணவாய்ப் பக்கம் வராத. பாறைக்குப் பின்னால நாலு பேரு ஒளிஞ்சி நின்னானுவ. ரெண்டு பேர முடிச்சிட்டேன். எங் கப்பல் போச்சு."

நாடகமாக இருக்கலாம்.

விளையாட்டில் அழிந்த கப்பல்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. யாரும் பார்க்கலாம், யாரும் திருத்த முடியாது. திறந்தாள்.

முதல் வரியில் 'அக்சிலியா'. அவர் மகளின் பெயர். எட்டு மாதம் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய கப்பல்.

கீழே கொள்ளையர் கப்பல் இரண்டு.

போன மாதம் அந்த மூன்று பேர் தன்னைச் சந்தேகித்துப் பேசியது அவருக்கும் தெரிந்திருக்கும். இன்றைக்குத்தான் உறைத்தது அவளுக்கு.

அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்.

விரல் மறுபடி பொத்தானுக்கு மேல் நின்றது.

"இன்னும் கெளம்பலீங்கண்ணா."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"நல்லதாப் போச்சு. அங்கனயே நில்லு. நான் வாரேன், வேற வழியாப் போவோம்."

கப்பலை இழந்தவர்களுக்கு விளையாட்டு ஒரு சின்னப் படகை இலவசமாகத் தரும். ஆயுதம் கிடையாது. வேகமும் கிடையாது. அந்தப் படகு வரைபடத்தில் புதிய புள்ளியாக முளைத்தது. அவள் புறப்பட்ட நிலையத்தை நோக்கி ஊர்ந்தது.

பொது அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் வந்துவிட்டிருந்தது. சரக்கு சேர்ந்த நேரத்தோடு. அவர் இன்னும் பார்க்கவில்லை போல.

இல்லை, பார்த்துவிட்டுத்தான் கேட்டாரா?

பலகையை மூடினாள்.

வெளிவட்டம் வழியாகத் திரும்பினால் அவர் முதலில் போய்ச் சேர்ந்துவிடுவார். வாசலில் அவள் கப்பல் இருக்காது.

கணவாய் வழியாகப் போனால் ஒன்பது நிமிடம்.

அங்கே இன்னும் இரண்டு பேர் மிச்சமிருக்கிறார்கள்.

காலிக் கப்பலைக் கணவாயை நோக்கித் திருப்பினாள்.